புழக்கடை மரமும் வெட்டுக்கூலியும்

“மரத்தை வெட்டி அப்புறப்படுத்தினால் போதும்; கட்டையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வீட்டுக்காரர் மரவியாபாரியிடம் பேசி முடிப்பது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் புதிதன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலையொட்டித் திருவண்ணாமலை வட்டாரத்தில் பெருமழை கொட்டியது. அதற்குப் பின், கூரைமேல் சாய்ந்து நிற்கும் மரத்தைக் கண்டால் எவருக்கும் அச்சம் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த அச்சத்துடனேயே பேரத்துக்கு அமர்வது நமக்கு நன்றாகப் படவில்லை.

இப்பண்டமாற்றில் மரத்தின் விலை, வெட்டி இறக்கும் கூலி என்னும் இரண்டு தொகைகள் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடுகின்றன. இரண்டும் சரிக்குச் சரியாக அமைவது அருமையிலும் அருமை. நெசவாளர் நூலை நிறுக்காமல் வாங்குவதில்லை. நிலக்கடலை பயிரிட்டவர் மூட்டையை நிறுக்காமல் விற்பதில்லை. மரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்து விலை தீர்க்கிறோமே, இது என்ன வழக்கம்?

அளப்பது கடினமான காரியமன்று. அடிமரத்தின் நடுப்பகுதியில் ஒரு கயிற்றைச் சுற்றி, அதை அங்குலத்தில் அளந்து கொள்க. அதில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடிக்கணக்கில் கொண்டு மீண்டும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நேரான அடிமரம் 8 அடி உள்ள வேம்பு 12½ கன அடி தேறும். இங்கிலாந்தில் 1736-இல் எட்வர்ட் ஹாப்பஸ் வெளியிட்ட வாய்ப்பாட்டு நூலால் பரவிய கணக்கு இது. உருண்டை மரத்தின் உண்மையான அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அறுவைக் கழிவாக இதுவே தள்ளிவிடுகிறது. ஆகவே, “கழிவு போகும்” என்று வியாபாரி மறுபடியும் பெருந்தொகை குறைத்தால், காரணம் கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு.

வியாபாரியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு மரங்களில் துணிக்கொடி கட்ட அடித்த ஆணிகள் புதைந்து கிடக்கும். அவை வாளின் பல்லை முறிக்கும். ஓட்டுக்கூரை நொறுங்காதபடி ஒவ்வொரு கிளையையும் கயிறு கட்டி இறக்க வேண்டும். முருங்கையாக இருந்தால் அதன் கட்டை ஒன்றுக்கும் ஆகாது. அத்தகைய இடத்தில் வீட்டுக்காரரே கூலி கொடுப்பதுதான் முறை. வேம்பு, பூவரசு, வைரம் பாய்ந்த புளி ஆகியவற்றின் நிலைமை வேறு.

இரு கணக்கையும் பிரித்துப் பார்த்ததற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரணியம் அருகே கரையேறித் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அப்போது அரசு அறிவித்த உதவித்தொகையில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்றுவதற்கு 500 ரூபாயும் தனித்தனியே குறிக்கப்பட்டன. அத்தொகை போதுமானதா என்பது வேறு வழக்கு. அகற்றும் செலவை மரத்தின் மதிப்போடு கலக்காதது சரியே.

வெட்டும் முன் அனுமதி விஷயத்தையும் மறக்கலாகாது. சந்தனத்தை வனத்துறையைக் கேளாமல் தொடக்கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மற்ற மரங்களுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நலம். பாவு விரிக்க நிழல் தரும் மரமானால், கிளை கழித்தாலே போதுமா என்றும் பார்க்கலாம்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மரம் நீக்க விரும்பும் அங்கத்தினர் ஐந்தாறு பேரின் பெயரைக் காரியதரிசி குறித்துக்கொண்டு, மூன்று வியாபாரிகளை ஒரே நாளில் அழைத்துக் காட்டட்டும். தனி மரத்துக்கு ஏற்றுவண்டி கொண்டுவரத் தயங்குபவர் ஆறு மரத்துக்கு மகிழ்ச்சியுடன் வருவார். மரத்தின் விலை, வெட்டுக்கூலி, மிச்சம் யாருக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். சுவர் இடிந்தாலோ, மரமேறியவருக்குக் காயம் நேர்ந்தாலோ யார் பொறுப்பு என்பதும், மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்துக்கு யார் சொல்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். வேர்க்கட்டையைத் தோண்டி எடுப்பதா, விட்டுவிடுவதா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சச்சரவு வண்டி புறப்பட்ட பிறகு அந்தக் கட்டையைப் பற்றித்தான் எழுகிறது.