அமுக்கத்துக்குப் பரிசா?

துல்லியம், வலு, வேகம்: இம்மூன்றே 1976இல் தோன்றிய சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் மகுட வாசகம். துல்லியத்தையும் வேகத்தையும் நாம் போற்றுகின்றோம். வலுவுக்குப் புள்ளி வழங்கும் விதியையே எதிர்க்கின்றோம்.

அவ்விதி யாது? சன்னத்தின் எடையைக் கிரேனிலும் அதன் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை அடியென்றும் அளந்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பர். திறந்த பிரிவில் விடை 160ஐ எட்டினால் ‘மேஜர்’; அதற்குக் குறைந்து 125 வரை ‘மைனர்’. இலக்கின் மையத்துக்கு இருவருக்கும் 5 புள்ளி. மையத்தை அடுத்த வலயத்துக்கோ மேஜருக்கு 4, மைனருக்கு 3!

124 கிரேன் சன்னம் 160ஐ எட்டச் செக்கனுக்கு 1,291 அடி பாய வேண்டும். கடையில் விற்கும் சாதாரண 9 மில்லிமீற்றர் தோட்டா அவ்வளவு பாயாது. ஆகவே வெற்றுக் கோதுகளில் போட்டியாளரே மருந்தேற்றுகின்றனர். அத்தோட்டாவுக்கென வகுத்த அமுக்க எல்லையையும் மீறுகின்றனர். களத்தில் அளக்கப்படுவது வேகம், அமுக்கம் அன்று. கோது வெடித்துக் கை சிதைந்தால் பழி மருந்திட்டவருக்கு. ஆசை காட்டிய விதிக்குப் பழி இல்லையா?

“வலு கூடினால் உதைப்பும் கூடும், அதைத் தாங்குவோருக்கு ஈடு வேண்டாமா?” என்பர். திறந்த பிரிவில் குழல் முனையில் பூட்டும் கருவி, அதே மருந்தின் வாயுவை மேலே திருப்பி உதைப்பைத் தணிக்கின்றதே! தணிந்த உதைப்புக்கு ஈடு எதற்கு?

‘புரொடக்ஷன்’ பிரிவில் எல்லோருக்கும் மைனர் புள்ளியே. அங்கே திறமை குன்றிற்றா? அந்நீதி திறந்த பிரிவுக்கும் வருக! குறி தவறாத கண்ணுக்கே பரிசு. கோதில் திணித்த மருந்துக்கு அன்று.