முதலில் ஏறியது முதலில் இறங்குமா?

எஸ்.டி.பி.எம். வேதியியல் படிக்கும் மாணவரிடம் இரும்பின் எலக்ட்ரான் அமைப்பைக் கேளுங்கள். 3டி⁶ 4எஸ்² என்று எழுதிக் காட்டுவார். +2 அயனி? 3டி⁶. 4எஸ் எலக்ட்ரான்கள் ஏன் முதலில் போயின என்றால், "முதலில் ஏறியது முதலில் இறங்கும்" என்பார். மனப்பாடத்துக்கு வசதியான இந்த வாசகம் காரணமே அல்ல என்பதுதான் சிக்கல்.

இந்த வேதியியலைக் கோத்தா திங்கியிலேயே பார்க்கலாம். நீர்வீழ்ச்சி இருக்கும் லோம்போங்கின் பெயருக்கே மலாயில் சுரங்கம் என்று பொருள். இவ்வட்டாரத்துப் பெலெப்பா கானானில் இரும்பும் வெள்ளீயமும் தோண்டினார்கள். (வெள்ளீயம் இடைநிலை உலோகமன்று, அது வேறு கதை.) செம்மண்ணுக்கு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் இரும்பு +2 நிலையில் கரைந்து கிடக்கும். மண் சாம்பல் பூத்திருக்கும். அந்த நீர் கால்வாய்க்கு வந்து காற்றைத் தொட்டதும் இரும்பு மேலும் ஓர் எலக்ட்ரானை இழந்து +3 ஆகிறது; செம்பழுப்புச் சேறாகப் படிகிறது. இந்த மூன்றாவது எலக்ட்ரான் 3டி-யிலிருந்து போகிறது. மிஞ்சுவது பாதி நிரம்பிய 3டி⁵.

முதல் இரண்டும் 4எஸ்-இலிருந்து போனது ஏன்? பொட்டாசியம், கால்சியம் இரண்டிலும் 4எஸ்தான் கீழே. ஸ்காண்டியம் முதல் நிலைமை மாறுகிறது: கருவின் மின்சுமை கூட, 3டி உள்ளே இழுக்கப்பட்டு ஆற்றலில் 4எஸ்-ஐவிடத் தாழ்கிறது. மேலே இருப்பது 4எஸ்; எனவே அது முதலில் கழல்கிறது. அப்படியானால் எல்லா எலக்ட்ரான்களும் 3டி-யிலேயே அமரலாமே என்பீர்கள். 3டி இடம் நெருக்கமானது. அங்கே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். இரண்டு வெளியே 4எஸ்-இல் இருந்தால் அணுவின் மொத்த ஆற்றல் குறைகிறது.

ஸ்காண்டியத்தின் அயனிகளே சாட்சி. +3 அயனியில் ஆர்கான் அமைப்பு மட்டும். ஓர் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அது போய் அமர்வது 3டி-யில். அடுத்த இரண்டும்தான் 4எஸ்-இல். ஏறிய வரிசையே வேறு! பாடநூல்களின் நிரப்பு வரிசையில் உள்ள இந்தக் கோளாறை வேதியியல் தத்துவ அறிஞர் எரிக் செரி பலமுறை எழுதிக் காட்டியிருக்கிறார்.

மலாயில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் நம் மாணவர்களுக்கு அந்தச் சூத்திர வாசகம்தான் கிடைக்கிறது. ஸ்காண்டியத்தின் நான்கு வரிகளைக் கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும். ஆசிரியர்கள் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் மாணவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.