ஈமானை அளக்க மைதானம் எதற்கு?

2021 அக்டோபர் 24. துபாயில் இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டி. பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அன்று இந்தியாவுக்காகப் பந்து வீசிய எவராலும் ஒரு விக்கெட்டைக்கூட வீழ்த்த முடியவில்லை. ஆனால் வசைமாரி பொழிந்தது ஒருவர் மீது மட்டும்தான். அவர் பெயர் முஹம்மது ஷமி. காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் என்றார்கள். துரோகி என்றார்கள். பாகிஸ்தானுக்குப் போகச் சொன்னார்கள்.

2025 மார்ச் 4. அதே துபாய், அதே மைதானம். சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதி ஆட்டம். ஆஸ்திரேலியாவின் 3 விக்கெட்டுகளை வீழ்த்தி இந்தியாவின் வெற்றிக்குத் துணை நின்றார் அதே ஷமி. இடையில் எல்லைக்கோட்டருகே நின்று பாட்டிலை எடுத்துக் குடித்தார். அது ரமளான் மாதம். கேமரா அதைப் படம் பிடித்தது. உடனே உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு மௌலானா, நோன்பு நோற்காத ஷமி ஷரீஅத்தின் பார்வையில் குற்றவாளி என்று தொலைக்காட்சிகளுக்குப் பேட்டி கொடுத்தார்.

முதல் முறை அவர் முஸ்லிமாக இருந்தது குற்றம். இரண்டாம் முறை அவர் போதுமான முஸ்லிமாக இல்லாதது குற்றம். ஒரே மனிதர், இரண்டு பக்கமும் அடி!

முதல் கூட்டத்தை நாம் நன்றாகவே அறிவோம். 1991-ல் மும்பை வான்கடே மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டவர்கள், 1999 ஜனவரியில் டெல்லி கோட்லாவிலும் அதையே செய்தார்கள். கிரிக்கெட்டைத் தேசபக்திப் பரீட்சையாக்கி, அந்தப் பரீட்சையை முஸ்லிம்களுக்கு மட்டும் வைத்தவர்கள் இவர்கள்தாம். 2021 ஆட்டத்துக்குப் பிறகு ஆக்ராவில் படித்துக்கொண்டிருந்த 3 காஷ்மீர் மாணவர்கள், பாகிஸ்தானின் வெற்றியைக் கொண்டாடினார்கள் என்று கைது செய்யப்பட்டுத் தேசத்துரோக வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். 2022 மார்ச் இறுதியில் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜாமீன் வழங்கும்வரை 5 மாதங்கள் சிறையில் கழிந்தன. ஒரு விளையாட்டுக்காக மாணவர்களின் படிப்பும் வாழ்வும் பந்தாடப்பட்டதை நாடு வேடிக்கை பார்த்தது.

நாடு முழுவதும் இப்படித்தானா? இல்லை. 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவை 12 ரன்களில் வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டியவர்கள் முஸ்லிம்கள் அல்லர், சென்னை மக்கள். எவரும் அவர்களைத் துரோகி என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 2021-ல் ஷமியைத் தாக்கியவர்களை அணித்தலைவர் விராட் கோலி செய்தியாளர்கள் முன்னிலையிலேயே கண்டித்தார். நியாயம் பேசும் நெஞ்சங்கள் இந்நாட்டில் ஏராளம்.

ஆனால் இன்று நாம் பேச வேண்டியது இரண்டாவது கூட்டத்தைப் பற்றி. ஏனெனில் அது நம் வீட்டுக்குள் இருக்கிறது.

அல்லாஹ் நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகையையும் சேர்த்தே அருளியிருக்கிறான் (அல்குர்ஆன் 2:184, 185). மக்கா வெற்றிக்காக ரமளானில் புறப்பட்ட அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள், வழியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, மக்கள் அனைவரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து அருந்தி நோன்பை விட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. சலுகையை ஒளித்துச் செய்யவில்லை. ஊரறியச் செய்து காட்டினார்கள்!

நபி (ஸல்) அவர்களுடன் பயணம் செய்த தோழர்களில் சிலர் நோன்பு நோற்றிருப்பார்கள், சிலர் நோற்றிருக்க மாட்டார்கள். இருவரில் எவரும் மற்றவரைக் குறை கூறியதில்லை என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தியும் புகாரியில் உண்டு. சஹாபாக்கள் குறை கூறாத இடத்தில் குறை கூற நாம் யார்?

‘அவர் துபாயில் பல நாட்கள் தங்கியிருந்தாரே, பயணி ஆவாரா?’ என்று சிலர் கேட்கிறார்கள். எத்தனை நாள் தங்கினால் பயணச் சலுகை நீங்கும் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பது ஓதிய எவருக்கும் தெரியும். அவருடைய உடல்நிலை என்ன, எண்ணம் என்ன, பிறகு களா செய்தாரா என்பவையெல்லாம் தொலைக்காட்சியில் தெரிவதில்லை. ஒருவேளை தகுந்த காரணமின்றியே நோன்பை விட்டிருந்தாலும், அவருக்குத் தனிமையில் எடுத்துச் சொல்வதுதான் நஸீஹத். ஊரைக் கூட்டிச் சொன்னால் அது அவமானப்படுத்துவது. தவறான எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் தடுத்த இறைவசனம் (49:12) கிரிக்கெட் வீரர்களுக்குப் பொருந்தாதா?

வணிகச் சகோதரர்களே! பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கெடுக்க ரமளானிலேயே மும்பைக்கும் சூரத்துக்கும் ரயில் ஏறுகிறீர்கள். வழியில் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்பவர்கள் உங்களில் இல்லையா? ரயில் நிலையத்தில் நீங்கள் தேநீர் குடிப்பதை ஒருவன் படமெடுத்து மஹல்லா முழுவதும் பரப்பினால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? உங்களுக்கு ஒரு சட்டம், பந்து வீசுபவருக்கு இன்னொரு சட்டமா?

தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் அம்லாவைப் பாருங்கள். தாடி வைத்தவர். அணிக்கு விளம்பரம் தந்த மது நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் அணிய மறுத்தார், வாரியமும் ஏற்றுக்கொண்டது. 2012 ஜூலையில் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ரன் குவித்தார். டெஸ்ட் போட்டியில் ஒரு தென்னாப்பிரிக்கர் அடித்த முதல் முச்சதம் அது. அது ரமளான் தொடங்கிய நேரம். பயணத்தில் இருப்பதால் நோன்பு நோற்கவில்லை, ஊர் திரும்பியதும் நோற்பேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். விலக்கப்பட்டதை மறுக்கும் உறுதியும் இருந்தது. அனுமதிக்கப்பட்ட சலுகையை ஏற்கும் அறிவும் இருந்தது. மார்க்கம் தெரிந்த விளையாட்டு வீரன் இப்படித்தான் இருப்பான்.

விளையாட்டையே வெறுக்கும் மார்க்கமல்ல நம் மார்க்கம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடினார்கள். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது தடுக்கவில்லை, மனைவிக்கும் காட்டினார்கள். எவராலும் முந்த முடியாத அவர்களுடைய ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் உயர்ந்த எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அவர்களுக்கு விளக்கினார்கள் நபியவர்கள். தோல்வியை இதைவிட அழகாக எவர் கற்றுத்தர முடியும்?

அப்படியானால் கண்காணிக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. இளைஞர்களே, அது உங்களிடமே இருக்கிறது. நள்ளிரவு வரை ஆட்டம் பார்த்துவிட்டு ஃபஜ்ரைத் தவறவிட்ட நாட்களை எண்ணிப் பாருங்கள். மஃரிபுக்குப் பாங்கு சொன்ன பிறகும், கடைசி ஓவர் முடியட்டும் என்று கடைத் தொலைக்காட்சி முன் நின்ற நாட்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த பந்து என்ன ஆகும் என்று பந்தயம் கட்டியதை நினைத்துப் பாருங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில்தான் தடை செய்தது. சூதாட்டத்தை ஷைத்தானின் செயல் என்று அல்லாஹ் 1400 ஆண்டுகளுக்கு முன்பே விலக்கிவிட்டான் (5:90).

ஷமி குடித்த தண்ணீருக்கு ஃபத்வா தேடும் நாம், நம் கைப்பேசியிலிருக்கும் சூதுக்கு ஃபத்வா தேடினோமா?

2023 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஷமி மைதானத்தில் முழங்காலிட்டபோது, ஸஜ்தா செய்ய வந்து பயந்து நிறுத்திவிட்டார் என்று கதை கட்டினார்கள். ஸஜ்தா செய்ய நினைத்தால் என்னை யார் தடுப்பது, நான் முஸ்லிம், நான் இந்தியன், இரண்டிலும் எனக்குப் பெருமைதான் என்ற பொருளில் அவர் பதிலடி கொடுத்தார். அந்தத் தொடரில் 24 விக்கெட்டுகளை வீழ்த்தி முதலிடம் பிடித்த அந்த மனிதருக்கு, வெளியிலிருந்து வரும் கல்லே போதும். நாமும் ஏன் கல் எடுக்க வேண்டும்?

இனியும் ரமளானில் போட்டிகள் வரும். கேமராக்களும் வரும். மைக்கை நீட்டுபவர்களும் வருவார்கள். நம் உலமாக்கள் அப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அது அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையிலுள்ள கணக்கு. மஹல்லா இளைஞர்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: அசருக்குப் பின் தாராளமாக ஆடுங்கள், பாங்கு கேட்டதும் மட்டையைக் கீழே வையுங்கள். ஈமானை அங்கே அளந்து கொள்ளலாம், அதுவும் அவரவர் தமக்குத் தாமே!