தாத்தாவின் தோளுக்குப் பின்னால் தெரியும் மலை

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் எந்த வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினாலும் கொடைக்கானல் படம் ஒன்றாவது அகப்படும். கறுப்பு அட்டையில் நான்கு மூலைக்கும் முக்கோணக் காகிதம் ஒட்டி, மேலே வெண்ணெய்த்தாள் போர்த்திய ஆல்பம். கோக்கர்ஸ் வாக்கின் கம்பியைப் பிடித்தபடி புது மாப்பிள்ளை. பக்கத்தில் கல்யாணப் பட்டுக்கு மேல் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டரோடு பெண். இருவருக்கும் நடுவே இன்னோர் ஆள் தாராளமாக நிற்கலாம். ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். ஏரிக்கு இரண்டு, தூண் பாறைக்கு இரண்டு, பிரையண்ட் பூங்காவுக்கு மூன்று என்று கணக்குப் பார்த்துத்தான் பட்டனை அமுக்குவார்கள். தூண் பாறையை அன்றைக்கு மேகம் மூடியிருந்தால் அந்த இரண்டும் வெறும் வெள்ளை.

இப்போது அந்தப் படங்கள் செல்போனில் மறுபடி எடுக்கப்பட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. கீழே ‘அது ஒரு காலம்’ என்று பெரியப்பா ஒருவர் எழுதுவார். பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். நமக்கு மட்டும் வந்த ஆசை இல்லை இது. கலிபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலாந்தின் மங்கிப்போன கலர் படங்களையும், பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களையும் தேடித் தேடிச் சேர்க்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. ஏக்கத்தில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கொடைக்கானல் விஷயத்தில் நாம் யாருடைய காலத்துக்கு ஏங்குகிறோம் என்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

1821-ல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு நில அளவைக்காக இந்த மலைமேல் ஏறினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கி மதுரைக்கு வந்த கூட்டம் அது. வந்த பத்தாண்டுக்குள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பெண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து, சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்து, அங்கேயும் காய்ச்சல் விடாமல் துரத்த, கடைசியில் பழனி மலைக்கு ஏறினார்கள். 1845-ல் இரண்டு பங்களாக்கள் எழும்பின: சன்னிசைடு, ஷெல்டன். உயிர் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனாலும் வந்த இடத்தைத் தங்கள் ஊர் மாதிரி ஆக்காமல் அவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதுரைக் கலெக்டர் வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்துக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார்; அதில் மிதக்கப் படகு தூத்துக்குடியிலிருந்து மேலேறியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவரும் இங்கேயே குடியேறிவிட்டார். 1872-ல் கோக்கர் என்ற லெப்டினன்ட் மலை விளிம்பில் நடைபாதை போட்டார். 1908-ல் பிரையண்ட் என்ற வன அதிகாரி பூங்காவுக்குத் திட்டம் போட்டார்.

இயற்கை எழில் என்று நாம் படம் பிடிக்கும் இடங்களில் முக்கால்வாசி, ஆள் வைத்துச் செய்தவை. சொந்த ஊர் நினைப்புத் தாங்காமல் சிலர் போட்ட செட்டு என்றுகூடச் சொல்லலாம். டிஸ்னிலாந்தில் 1959-ல் சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரத்தை 147 அடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் கட்டி எழுப்பியபோது உலகமே வாய்பிளந்து பார்த்தது. கொடைக்கானல்காரர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு வெளிநாட்டு ஏரியே அவர்கள் ஊரில் அதற்கு 96 ஆண்டுகள் முன்பே வந்தாயிற்று. ஹாலிவுட் 1939-ல் ‘கங்கா தின்’ எடுத்தபோது நம் வடமேற்கு எல்லை மலைகளுக்காக கலிபோர்னியாவின் லோன் பைன் பாறைகளைத் தாண்டிப் போகவில்லை. அங்கே அவர்கள் இந்தியாவைச் செய்துகொண்டார்கள், இங்கே வந்தவர்கள் தங்கள் நாட்டைச் செய்துகொண்டார்கள், கணக்கு நேர். அவர்களுடைய ஏக்கத்தின் மேல் நின்று நம் தாத்தா பாட்டிகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்து இப்போது நாம் ஏங்குகிறோம்.

மலைக்கு இதற்கெல்லாம் முந்திய ஆயுசு உண்டு. தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன. செண்பகனூரில் இருந்த ஏசு சபைப் பாதிரியார்கள் ஆங்கலாடும் நியூட்டனும் இந்த மலையின் கல்திட்டைகளை அளந்து எழுதியதை 1928-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. பழனி பொதினியாக இருந்த காலத்தில் ஆவியர் கோமான் பேகன், குளிருகிறதோ என்று மயிலுக்குப் போர்வை கொடுத்ததும் இந்தப் பக்கத்தில்தான். (ஏறி இறங்கியவுடன் ஒரு சால்வையாவது வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை என்பதால் அந்த மரபு இன்றும் உயிரோடு இருப்பதாகவே கொள்ளலாம்.) ஆனால் கல்திட்டைக்கு முன்னால் நின்று எடுத்த தேனிலவுப் படம் எந்த ஆல்பத்திலும் கிடைப்பது அபூர்வம். கேமரா எப்போதும் ஏரிப்பக்கமே திரும்பியிருந்தது.

பயணத்தைப் பற்றியும் நமக்கு அப்படித்தான் ஒரு மயக்கம். அந்தக் காலத்தில் பயணம் நிதானமாக இருந்தது என்பார்கள். நிதானமாக இருந்தது உண்மை. யாருடைய தோளில் என்பதுதான் கேள்வி. அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடை ரோட்டில், ரயிலை விட்டு இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டு வண்டியில் பெரியகுளம் தாண்டி மலையடிவாரத்துத் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து 12 மைல் மலைப்பாதை. குதிரை உள்ளவர் குதிரையில், கால் உள்ளவர் நடந்து, மற்றவர்கள் டோலியிலும் மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியிலும். பெட்டி படுக்கை, மேசை, கட்டில் எல்லாம் தலையிலும் தோளிலும். பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர். அந்த நாளைய படங்களில் நாற்காலியில் அமர்ந்த துரைசானி கேமராவை நேராகப் பார்ப்பார். கழியைத் தாங்கி நிற்பவர்களில் ஒருவர் தரையைப் பார்ப்பார், ஒருவர் அசைந்து முகம் கலைந்திருப்பார். படத்தின் அடியில் துரைசானிக்குப் பெயர் இருக்கும். தூக்கியவர்களுக்குச் சேர்த்து ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்.

1910-களின் நடுவில் மேஜர் லாவின் பெயரால் மலைச்சாலை திறந்தது. காரும் பஸ்ஸும் வந்தன. கொடைக்கானல் நம் ஊர் ஜனங்களுக்கும் எட்டியது. வத்தலக்குண்டில் டீயைக் குடித்துவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி ஏறியவர்களில் பாதிப் பேர், கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை எந்த ஆல்பமும் ஒட்டி வைக்கவில்லை.

பிறகு சினிமா. 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’ வந்த அதே நாளில் சந்தானபாரதி இயக்கிய ‘குணா’ வெளியானது. வெள்ளைக்காரர்கள் டெவில்ஸ் கிச்சன் என்று அழைத்த பாறைப் பிளவு அன்று முதல் குணா குகை ஆனது. ஒரு படம் ஓர் இடத்தின் பெயரையே மாற்றிப் போடுவது நம் ஊரில்கூட அடிக்கடி நடப்பதில்லை. அந்தப் பிளவுகளில் விழுந்து உயிர் போனவர்கள் பலர். 2006-ல் விழுந்து பிழைத்த ஒரு மலையாள இளைஞரின் கதை 2024 பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆக வந்தது. நம் தியேட்டர்களில் குணாவின் இளையராஜா பாட்டு ஒலித்ததும் ஜனங்கள் உருகிப்போனார்கள். படத்தில் பார்த்த குகையின் பெரும் பகுதி கேரளத்துப் பெரும்பாவூரில் போட்ட செட்டு. அந்தச் செட்டைப் பார்த்துவிட்டு அசலைத் தேடி ஆயிரக்கணக்கில் கொடைக்கானலுக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது கம்பி வேலி. வேலியோடு செல்பி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வண்டிகள் நெரித்த நெரிசலில், அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வாங்கித்தான் மலை ஏற வேண்டும் என்றாகிவிட்டது. டிக்கெட் எடுத்து உள்ளே போகும் ஒரு தீம் பார்க்குக்கும் இந்த மலைக்கும் இடையில் இருந்த தூரம் குறைந்துகொண்டே வருகிறது. டிஸ்னிலாந்து இந்த வகையில் தேவலை. சிகரம் போலி என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நினைவில் வைத்துக்கொள்ள விரும்பாததை நாம் படம் எடுப்பதில்லை. 2001-ல் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் முன்னால் யாரும் சிரித்துக்கொண்டு நின்றதில்லை. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு 2016-ல்தான் நிறுவனத்தோடு ஒரு சமரசம் ஏற்பட்டது. அதுவும் கொடைக்கானலின் கடந்த காலம்தான்; ‘அது ஒரு காலம்’ என்று அதற்குக் கீழே யாரும் எழுதுவதில்லை.

இதே மலையில், யாரையும் சிரிக்கச் சொல்லாத ஒரு கேமராவும் இருந்தது. அதன் கதை தாது வருஷப் பஞ்சத்தில் ஆரம்பிக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற கேள்வி அரசாங்கத்துக்கு வந்தது. சூரியனைப் பார்க்கத் தெளிந்த வானமும் உயரமும் தேவை. மதராஸ் வானாய்வகத்தின் வேலை கொடைக்கானலுக்கு நகர்ந்தது. மிச்சி ஸ்மித் அதை எழுப்பினார். 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கேயிருந்துதான் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு. அவர் மனைவி மேரியும் கூடவே சூரியனை ஆராய்ந்தவர். 1904 தொடங்கி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மேகம் விட்ட நாளிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்துத் தேதி குறித்து வைத்தார்கள். முதலில் கண்ணாடித் தட்டு, பிறகு பிலிம். ஒன்றைப் போலவே மற்றொன்று. ஒரு வட்டம், அதில் சில புள்ளிகள். ஆல்பத்தில் ஒட்டினால் யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்மமாக்கி வைத்திருக்கிறது. சூரியனின் நூறாண்டு மாற்றத்தைப் படிக்க வரும் உலக விஞ்ஞானிகளுக்கு இதற்கு ஈடான தொகுப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பஞ்சத்தின் புதிர் அதில் அவிழவில்லை. ஆனால் பாசமில்லாமல் எடுத்த படங்களே கடைசியில் பேசுகின்றன.

நம் ஆல்பங்களும் பேசும். தாத்தாவை விட்டுவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஏரியின் மிகப் பழைய படங்களில் சுற்றிலும் இருப்பவை மொட்டை மேடுகள். பார்ப்பவர்கள் ‘ஐயோ, மரமே இல்லையே’ என்பார்கள். மலையின் அசல் உடம்பு அதுதான்: மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. பெய்த மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பழனிப்பக்கம் பாலாறு பொருந்தலாறாகவும் பெரியகுளம் பக்கம் வராக நதியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது அந்தப் புல்லும் சோலையும் சேர்ந்துதான். வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்றான். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அப்படியே நம்பி, தோல் பதனிடும் பட்டைக்கும் கூழுக்கும் என்று வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டுத் தள்ளினோம். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், 1973-க்கும் 2014-க்கும் நடுவே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டார்கள். காதல் பாட்டுகளுக்கும் கல்யாண ஆல்பங்களுக்கும் நாம் ஓடும் பைன் காடு வெளியிலிருந்து வந்து நின்ற ஒன்று. அதன் நிழலில் புல் முளைப்பது கஷ்டம். புல்லோடு போனது குறிஞ்சியும். 2018-ல் பூத்த குறிஞ்சிக்கு அடுத்த முறை 2030. அதற்குள் பூக்க இடம் எவ்வளவு மிஞ்சும் என்பது வனத்துறை அந்நிய மரங்களை எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

1973-க்கு முந்தின மலையைப் பார்க்க அந்த ஆராய்ச்சியாளர்களின் செயற்கைக்கோள் படங்கள் உதவாது. ஆக்ஃபா கேமராக்கள் இருந்தன. பூம்பாறைச் சாலையில் கார் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது யாரோ அமுக்கிய படத்தில், அந்த ஆண்டு அந்தச் சரிவில் புல் இருந்ததா, மரக்கன்று இருந்ததா என்பது பதிவாகியிருக்கிறது. தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்து எண்மமாக்கியிருக்கிறது. அதேபோல் மலைப்படங்களுக்கு என்று ஒரு தொகுப்பை மதுரையிலோ கொடைக்கானலிலோ ஒரு கல்லூரி தொடங்கினால் பெரிய செலவு ஆகாது. ஆல்பங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது. படத்தில் இருப்பவர்களில் எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த இடம், எந்தப் பக்கம் பார்த்து நின்றோம் என்று அவர்களைக் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.