பூட்டு சரி, சாவி யாரிடம்?

"எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் சார் போகுது!" மைசூரில் வங்கி வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டு அலுத்துப்போன பல்லவி இது. கம்பெனியின் மென்பொருளே சம்பளப் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் போட்டு, பூட்டி, வங்கிக்கு அனுப்பிவிடும். ரொம்ப நல்லது. ஆனால் அந்த யூஎஸ்பி டோக்கன்? ஆடிட்டர் ஆபீஸ் மேசையில், பின் நம்பரை மேலேயே ஒட்டிக்கொண்டு தூங்கும்!

பூட்டினால் வழியில் யாரும் படிக்க முடியாது. கையொப்பம் இருந்தால், வழியில் யாராவது திருத்தினால் தெரிந்துவிடும். ஆனால் அது எந்தச் சாவி என்றுதான் சொல்லும். யாருடைய கை என்று சொல்லாது.

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் திருடர்கள் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை. வங்கியின் கணினிக்குள் புகுந்து, அதன் பெயரிலேயே 35 ஸ்விஃப்ட் உத்தரவுகளை நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடியைக் காப்பாற்றியது ஒரு எழுத்துப்பிழை! 2018 பிப்ரவரியில் நம்ம கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியிலிருந்தும் மூன்று போலி ஸ்விஃப்ட் உத்தரவுகள் வெளியே போயின.

"ஆடிட்டர் நம்ம ஆளுதானே" என்பீர்கள். இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தை அவரிடம் கொடுத்து வைப்பீர்களா? சாவியைக் காப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 42-ஆம் பிரிவே சொல்கிறது.

ஊர்க் கடைக்கு அப்பா பெயரில் டோக்கன் இருக்கிறதா? அடுத்த லீவில் போனதும் முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்க. பின்னையும் மாத்துங்க.