தும்மினால் கசிகிறதா? செல்போனும் கைகொடுக்கும்!

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறும் முன் பாத்ரூம் போய்விட்டு வரும் பெண்கள் நிறையப் பேர். ட்ரெயினில் அந்த வசதி கிடையாதே! சிலருக்கு இன்னொரு பயமும் உண்டு. தும்மினால், விழுந்து விழுந்து சிரித்தால், ஓடிப்போய் ஏறினால் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடும். 'பிள்ளை பெத்தா அப்படித்தான்' என்று நாப்கின் வைத்துச் சமாளிக்கிறோமே தவிர, டாக்டரிடம்கூட வாய் திறப்பதில்லை.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தொட்டில்போலத் தாங்கும் தசைகள் பிரசவத்திலும் மெனோபாஸிலும் தளர்ந்துபோவது இதற்கு முக்கியக் காரணம். அவற்றை வலுவாக்கும் பயிற்சியை 1948-ல் எழுதிப் பிரபலமாக்கியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க டாக்டர். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, மேலே இழுத்து, சில விநாடி நிறுத்தி, முழுசாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பின்பக்கமும் இறுகக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் வேண்டாம். ஒரு வேளைக்கு 8 முறையாவது, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதலின் கணக்கு.

3 மாதம்! அங்கேதான் சிக்கல். இரண்டாவது வாரமே மறந்துபோகும். இதற்குத்தான் ஆப். பிரிட்டன் பிசியோதெரபிஸ்ட்டுகள் உருவாக்கிய 'ஸ்க்வீஸி' போன்றவை நேரத்துக்கு ஞாபகப்படுத்தும், எப்போது இறுக்கணும், எப்போது விடணும் என்று திரையில் காட்டும், கணக்கும் வைத்துக்கொள்ளும்.

ஆனால், நீங்கள் இறுக்குவது சரியான தசையைத்தானா என்பது போனுக்குத் தெரியாது. வயிற்றை எக்கினாலும், கீழ்நோக்கி முக்கினாலும் அது பாட்டுக்கு 'சபாஷ்' சொல்லும். முக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். அதனால் முதலில் ஒருமுறை மகளிர் மருத்துவரிடமோ, பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிக் கற்றுக்கொண்டு, பிறகு டவுன்லோடு செய்யுங்கள். எரிச்சல், ரத்தம், அடிவயிற்று வலி இருந்தால் ஆப் பக்கமே போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு இந்தப் பயிற்சி ஆகாது.

கான்டாக்ட்ஸ், லொகேஷன் எல்லாம் கேட்கும் ஆப் என்றால் தயங்காமல் அழித்துவிடுங்கள். தசையை இறுக்க முகவரி எதற்கு? போனில் இருக்கும் அலாரமே போதும். உட்கார இடம் கிடைத்துவிட்டால், சானடோரியத்தில் ஆரம்பித்து குரோம்பேட்டை வருவதற்குள் ஒரு ரவுண்டு முடிந்துவிடும். பக்கத்து சீட்டு அக்காவுக்குக்கூடத் தெரியாது.