மன்னார்க் கழுதைக்கு உடையவர் யார்?

பாலத்தைக் கடந்து மன்னார் நகருள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது கழுதையே. கடைத்தெருவிலும், பேருந்து நிற்குமிடத்திலும், நடுவீதியிலும் அது நிற்கும். ஊதுகுழலை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. முன்னாளில் அரபு வணிகர் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள் இவை என்பது இத்தீவில் வழிவழி வரும் செய்தி. பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் அவர்களே கொணர்ந்தனர் என்பர். மரத்தைக் காண வெளியூரார் வந்து வியந்து செல்கின்றனர். அவ்வணிகரோடே வந்ததாகச் சொல்லப்படும் கழுதைக்கோ குப்பைமேடே கதியாயிற்று.

உப்பும் விறகும் சுமந்த காலத்தில் அதற்கு ஒரு கொட்டிலும் ஒரு பிடி தீனியும் இருந்தன. லொறியும் லாண்ட்மாஸ்டரும் வந்தபின் சுமை போயிற்று. சுமையோடு தீனியும் போயிற்று. அதன்மேல் போர் வந்தது. 1990ஆம் ஆண்டிலே தீவின் மக்கள் அலையலையாக இடம்பெயர்ந்தனர்; அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஊர்களே உடையவரின்றிக் கிடந்த காலத்தில் கழுதைக்கு உடையவர் எங்ஙனம் இருத்தல் கூடும்?

இன்று அவை உண்பது பிளாஸ்டிக் பையும் எச்சிற் கடதாசியும். இரவில் வெளிச்சமற்ற வீதியில் வாகனம் மோதிக் கால் முறிந்து கிடப்பனவும் உண்டு. மோதிய மோட்டார் சைக்கிளிற் சென்ற பிள்ளையும் அதே வீதியிலேதான் கிடக்கிறான் என்பதை மறத்தலாகாது. ‘பிரிட்ஜிங் லங்கா’ என்னும் தொண்டு நிறுவனம் கழுதைகளுக்கென ஒரு மருத்துவமனையையும் கல்வி நிலையத்தையும் மன்னாரில் ஏற்படுத்தி, மாற்றுத் திறனுள்ள சிறுவர்களைக் கழுதைகளோடு பழகவிட்டுப் பயன் காணவும் முயன்றது. போற்றத்தக்க பணி. ஆயினும் மருத்துவமனை புண்ணை ஆற்றும். புண் ஆறிய கழுதை மீண்டும் அதே வீதிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்காக வீடு வீடாகச் சென்றபோது, கழுதைத் தொல்லை பற்றி முறையிட்டோர் பலர். “ஆரும் வளர்க்கக் குடுக்கலாமே” என்று நான் சொன்னதற்கு, ஒரு முதியவர், “தம்பி, சனத்துக்கே இன்னும் வீடு கிடைக்கேல்ல, கழுதைக்கு வீடு தேடுறியளோ?” என்றார். நியாயமான கேள்வி. வாயடைத்து நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யான் கேட்பது அரசாங்கத்தின் பணத்தையோ காணியையோ அன்று. ஒரு பதிவேட்டையும் ஒரு தாள் உறுதியையுமே கேட்கிறேன்.

ஏன் தாள்? இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. எமது பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின்படி, ஒருவன் தன் பொருளை வேண்டாமென்று கைவிட்டால் அவன் உரிமை ஒழிகிறது. உரிமை கொள்ளும் எண்ணத்தோடு அதனைக் கைக்கொள்பவன் உடையவனாகிறான். வழிதவறிய பிராணி வேறு, கைவிடப்பட்ட பிராணி வேறு. தலைமுறை தலைமுறையாகத் தெருவிற் பிறந்த கழுதை எவ்வகை என்பதை நிறுவுவது எளிதன்று. ஆகவே அன்புடன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகும் குடியானவன், நாளை எவனாவது “இது என்னுடையது” என்று வந்தால் வழக்கிற்கு அஞ்சவேண்டும். மறுபுறம், அன்பற்றவனும் இதே வாயிலால் நுழையலாம்.

அந்த அன்பற்றவன் கற்பனை மனிதன் அல்லன். சீன மருந்தொன்றுக்காகக் கழுதைத் தோலைக் காய்ச்சிப் பசை எடுக்கிறார்கள். அதற்காக உலகெங்கும் ஆண்டுதோறும் பல இலட்சம் கழுதைகள் கொல்லப்படுகின்றன. இக்கேட்டைத் தாங்கமாட்டாமல் ஆபிரிக்க ஒன்றியம் 2024 பெப்ரவரியில், தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு நிறுத்தத் தீர்மானித்தது. ஆபிரிக்காவில் கதவு மூடினால் வியாபாரி வேறு கதவைத் தட்டமாட்டானா? நமது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டமோ நூறு ரூபாய்த் தண்டப்பணத்தைக் காட்டி அவனை அச்சுறுத்த முயல்கிறது! இன்று அத்தொகைக்கு ஒரு நேரச் சாப்பாடும் வராது. புதிய மிருக நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. அது அலுவலகங்களிற் பட்ட பாட்டை எழுதப் புகின் இப்பத்திரிகை போதாது.

கொழும்பை எதிர்பாராமல் நமது சபைகளே செய்யக்கூடியது உண்டு. மன்னார் நகர சபையும் பிரதேச சபையும் உபவிதி மூலம் ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். கழுதை சபையின் பொறுப்பில் எழுதப்படவேண்டும். வளர்ப்பவருக்குக் கிடைப்பது காவல் உரிமை மட்டும். விற்றலாகாது, கொல்லலாகாது, வளர்க்க இயலாதாயின் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகள் போதும். ஆண் கழுதைகளுக்கு விதையடித்த பின்னரே ஒப்படைத்தல் வேண்டும். இன்றேல் இருந்த தொல்லையையே பெருக்கியவராவோம்.

எவர் ஏற்பர்? முதலில் கமக்காரரை நம்புகிறேன். கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள முருங்கன், நானாட்டான் பகுதிகளில் ஆடு வளர்ப்போர் நரிக்கும் கட்டாக்காலி நாய்க்கும் அஞ்சியே இரவைக் கழிக்கின்றனர். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மந்தையோடு கழுதையை விட்டு வளர்க்கும் வழக்கம் உண்டு. நாயைக் கண்டால் அது கத்தும், துரத்தும், உதைக்கும். எல்லாக் கழுதையும் காவலுக்கு உதவாது, பழக்கித்தான் பார்க்கவேண்டும். முரட்டுப் புல்லும் காய்ந்த தழையும் அதற்குப் போதும். எருவோ தோட்டத்துக்கு ஆகும். ஆனால் ஒன்றைத் தனியே கொடுத்தல் கொடுமை. கழுதை தன் துணையைப் பிரிந்தால் உணவையும் வெறுக்கும் இயல்புடையது. ஆகையால் இணை பிரியாதவற்றை இணையாகவே கொடுக்கவேண்டும். முப்பது ஆண்டு வரை வாழக்கூடிய பிராணி என்பதையும் ஏற்பவர் அறிந்தே ஏற்கட்டும்.

வளவில்லாத உத்தியோகத்தரும் கடைக்காரரும் என் செய்வர்? தெருக் கழுதைக்குத் தெருவே பெயர் சூட்டட்டும். ஒரு பாடசாலை வகுப்பு, ஒரு கடை, ஒரு மீனவர் சங்கம் ஒவ்வொன்றையும் தன்னதாகப் பதிந்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, இரவில் ஒளிரும் கழுத்துப் பட்டி கட்டட்டும். அப்பட்டி கழுதையை மட்டுமா காக்கும்? இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் மன்னார் மக்கள் கோவிலுக்கும் பள்ளிக்கும் அனுப்புவதில் ஒரு சிறு பங்கை விதையடிப்புச் செலவுக்கு அனுப்பலாம். தேவாலயத் திருவிழாவிலும் பள்ளிவாசற் கந்தூரியிலும் கோவில் வாசலிலும் ஒரு மேசை போட்டுப் பதிவு நடத்தினால், மூன்று சமயத்தாரும் ஒரே பதிவேட்டிற் கையொப்பமிடும் காட்சியையும் இத்தீவு காணும். 1990க்குப் பின் அத்தகைய பதிவேடுகள் நம்மிடம் அதிகம் இல்லை.

உபவிதியின் வரைவு என்னிடம் ஆயத்தமாக உள்ளது. எந்தக் கட்சியைச் சார்ந்த உறுப்பினராயினும் கேட்டால் தருவேன். என் பெயரைக் குறிப்பிடவேண்டிய அவசியமும் இல்லை.